எத்தனை பாடம் தாங்கும்?

பௌதிக சாஸ்திரத்தில் எம்.எஸ்ஸி. படிக்கப் பிள்ளைகளை அனுப்பும் திருச்சிராப்பள்ளி வீடுகளில் ஸர் ஸி. வி. ராமன் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படுகிறார். அழைப்பது நியாயந்தான். 1888-இல் அவர் பிறந்த திருவானைக்காவல் ஸ்ரீரங்கத்துக்கு அடுத்த வாசல் அல்லவா? பதினெட்டு வயதில் எம்.ஏ. தேறியவரைக் காட்டி, "நம் குழந்தைக்கும் இரண்டு பாடம் கூடச் சேர்த்தால் என்ன?" என்கிறார்கள்.

கல்லூரி விதிக்கும் முக்கியப் பாடங்களில் நாம் கை வைக்க முடியாது. மேலே ஏற்றும் சுமைதான் நம் இஷ்டம். ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்களுக்குப் படிக்கலாம் என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்த பிறகு அந்தச் சுமைக்கும் எல்லையில்லை. ஸ்ரீரங்கத்தில் என் அத்திம்பேர், பெண்ணுக்குத் தொலைநிலைக் கல்வியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ, 'ஸ்வயம்' இணைய வகுப்பு, நெட் பரீக்ஷைப் பயிற்சி என்று மூன்றைச் சேர்த்து வைத்திருந்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அடுத்த வருஷம் பென்ஷன். பெண் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும்.

ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரப் பாடம். செய்முறையானால் இரண்டு மணி. காகிதத்தில் எல்லாம் தாங்கும். ஆனால் வகுப்பில் கேட்ட ஒரு மணிக்கு வீட்டில் இரண்டு மணி கணக்குப் போட்டாலன்றிப் பௌதிகம் வசப்படாது. மேலும் இவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பாடங்கள். கணிதத் தாளில் ஐகன் மதிப்பு பழகாதவர்களுக்கு, குவாண்டம் மெக்கானிக்ஸில் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வெறும் கோலமாகத்தான் தெரியும். சரித்திரத்தில் அசோகரைத் தவறவிட்டாலும் அக்பரைப் படித்துவிடலாம். (சரித்திர ஆசிரியர்கள் மன்னிப்பார்களாக!)

ராமனுடைய சாட்சியமும் அத்திம்பேர் பக்கம் இல்லை. சென்னை ராஜதானிக் கல்லூரியில் பேராசிரியர் ஜோன்ஸ், அவர் வகுப்புகளுக்கு வரவேண்டியதில்லை என்று விட்டுவிட்டார். அப்படிக் கிடைத்த அவகாசத்தில்தான் ஒளியைப் பற்றி ஆராய்ந்து, 1906-இல் லண்டன் 'பிலாஸபிகல் மாகஸின்' பத்திரிகையில் மாணவராகவே கட்டுரை வெளியிட்டார். அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது பாடமல்ல, நேரம்.

இதை நான் சொன்னபோது, அதுவரை வாய் திறவாதிருந்த பெண் பேசினாள். "ஸ்வயம் மட்டும் இருக்கட்டும், மாமா. அது கணித முறைகள். வகுப்புப் பாடத்துக்கே உதவும்."

"நெட்?" என்றார் அத்திம்பேர்.

"அதில் பெரும்பாலும் எம்.எஸ்ஸி. பாடத்தைத்தானே கேட்கிறார்கள், அப்பா? இதை ஒழுங்காகப் படித்தால் பாதி வேலை முடிந்தது. மற்றதை இரண்டாம் வருஷம் பார்த்துக்கொள்கிறேன்."

டிப்ளமோ விண்ணப்பத்தை அத்திம்பேர் நாலாக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் செருகினார். கிழிக்கவில்லை. பணம் கட்ட இன்னும் பத்து நாள் இருந்தது.