ஓடிப்போய் வாங்கிட்டு வா

காரிமங்கலத்தில் என் தாய்மாமா வயரிங் வேலை பார்த்த காலத்தில் அவருடைய மொத்தத் தொழிலும் ஒரு ரெக்சின் பைக்குள் அடங்கியது. கட்டிங் பிளேயர், டெஸ்டர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், சுத்தி, உளி, டேப், ஓல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பு. பையை டிவிஎஸ் 50-ன் ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டால் வேலைக்குக் கிளம்பியாயிற்று. அந்த வண்டி 1980-ல் ஓசூரில் பிறந்தது. ஓசூர் அன்றைக்குத் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஓசூர் அந்தப் பக்கம் போன பிறகும், "நம்ம ஜில்லா வண்டி" என்பதை மாமா மாற்றிக்கொள்ளவில்லை.

பள்ளி விடுமுறையில் பின்சீட் எனக்கு. தண்ணீர் ஆழத்தில் கிடக்கிற மண் எங்களுடையது. 1990-ல் விவசாயத்துக்கு முழுவதும் இலவச மின்சாரம் வந்தபின், வீட்டு வயரிங்கைவிட மோட்டார் வேலைதான் எங்களுக்கு அதிகம். எந்த வேலையானாலும் மாமா டெஸ்டரை வைத்துப் பார்ப்பார், மூக்கால் முகர்ந்து பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ள, ஓடிப்போய் ரெண்டு ஓல்டரு, ஒரு சுவிட்சு, அஞ்சு மீட்டர் வயரு வாங்கிட்டு வா. என் பேரச் சொல்லு" என்பார். பேரைச் சொன்னால் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு சாமானைக் கொடுப்பார். ஏணி பக்கத்து வீட்டிலிருந்து வரும். ஏணிக்காலை வீட்டுக்காரரே பிடித்துக்கொள்வார்.

இதையெல்லாம் யோசித்துப் பார்த்தது லண்டனுக்கு வந்த பிறகுதான். படித்து, பரீட்சை எழுதி, ஈஸ்ட் ஹாமில் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது கார் டிக்கியே போதும் என்று நினைத்தேன். ஒரு வீட்டில் 32 ஆம்ப் பிரேக்கர் ஒன்று மாற்ற வேண்டியிருந்தது. கொண்டுபோகவில்லை. கடைக்குப் போய்வர முக்கால் மணி நேரம். திரும்பி வந்தபோது அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். அந்த வாரமே வேன் தேட ஆரம்பித்தேன்.

பழைய டீசல் வண்டி மலிவு. ஆனால் 2023 ஆகஸ்ட் 29 முதல் புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் லண்டன் முழுவதற்கும் விரிந்துவிட்டது. யூரோ 6 தரம் இல்லாத டீசல் வேனை எடுத்த நாளெல்லாம் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். கணக்குப் போட்டு, தரம் உள்ள சின்ன வேன் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பின்பக்க உள்நீளம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்குள் முட்டி போட்டேன். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அடுக்குகள், எல்லாம் டிரைவர் பக்கச் சுவரோடு. நடைபாதைப் பக்கம் இழுகதவு. அங்கே நின்றுகொண்டு கை நீட்டினால் எல்லாம் எட்ட வேண்டும். கனமானவை கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு அங்குல விளிம்பு. இல்லாவிட்டால் பிரேக் போட்டதும் ஸ்க்ரூ மழைதான். 1.5, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் டிரம்களை ஒரு இரும்பு பைப்பில் கோத்துக் குறுக்கே மாட்டினேன். பின்கதவைத் திறந்து இழுத்தால் ராட்டினம்போல் சுற்றிக்கொண்டு வயர் வரும். பிரேக்கர்களுக்கு 6, 16, 32 என்று தனித்தனி டப்பா. மேலே ஏணி. அழுக்குப் படாமல் விரிக்கத் துணி, ஷூவுக்கு உறை, ஒரு வாக்குவம் கிளீனர். பின்கதவில் "இரவில் இந்த வண்டியில் கருவிகள் இல்லை" என்று ஸ்டிக்கர். இங்கே வேனை உடைத்துக் கருவிகளைத் திருடுவதற்கென்றே ஆட்கள் உண்டு. அதனால் மீட்டர் பெட்டி தினமும் என்னோடு மாடியேறி வந்து படுக்கும்.

தொழில் ஒன்றுதான், ஆனாலும் கை புதிதாகப் பழக வேண்டியிருந்தது. நம் வீட்டு உருண்டைப் பின் பிளக் இந்த நாடு கொடுத்தது. நாம் விடுதலை பெற்ற அதே 1947-ல் இவர்கள் ஃபியூஸ் வைத்த சதுரப் பின்னுக்குத் தரம் வகுத்து மெல்ல மாறிக்கொண்டார்கள். நாம் இன்னும் உருண்டையை விடவில்லை. வயர் நிறத்தையும் 2004-ல் பிரவுன், நீலம் என்று மாற்ற ஆரம்பித்தார்கள். பழைய வீட்டில் தரைப்பலகையைப் பெயர்த்தால் மட்டும் சிவப்பும் கறுப்பும் கிடக்கும். பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு என்று மாமா சொல்லிக்கொடுத்த அதே ஜோடி. அந்தத் தூசிக்குள் ஒரு நிமிஷம் காரிமங்கலம் வந்து போகும்.

வேனுக்குள் இப்போது ஏறத்தாழ ஒரு கடையே இருக்கிறது. அந்தக் கடை, ஓடிப்போக ஒரு பையன், பக்கத்து வீட்டு ஏணி என்று மாமாவுக்கு ஊர் வைத்திருந்ததை எல்லாம் நான் பிளைவுட்டில் அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறேன். ஏணிக்காலைப் பிடிக்கிற ஆளுக்கு மட்டும் தட்டு செய்ய முடியவில்லை. ரப்பர் பட்டையும் கொக்கியும் வைத்துச் சமாளிக்கிறேன். வேனின் இரண்டு பக்கமும் என் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லி யாரும் எங்கேயும் கடன் வாங்க முடியாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு முட்டி வலி. ஆனாலும் பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டதும் கிளம்பிவிட்டார். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும் கருகல் வாசனை. "காயில் போச்சு மாப்ள" என்றார். என் கை தானாகப் பின்னால் போய் இரண்டாவது தட்டைத் தேடியது. பின்னால் தக்காளிச் செடிதான் இருந்தது.

அதற்குள் தோட்டக்காரர் மகன் பைக்கை உதைத்துவிட்டான். "எந்தக் கடை தாத்தா?"

மாமா கருகிய காயிலைக் கழற்றி அவன் கையில் வைத்தார். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை. இதக் காட்டு. என் பேரச் சொல்லு."