ஏத்துறது சுலபம், வச்சுக் காப்பாத்துறதுதான்...

வலையகத்துல படம் ஏத்துற வசதி வைக்க எவ்ளோ நேரம் ஆகும்னு எந்த நிரலரைக் கேட்டாலும் "அரை நாள்"னு சொல்வார். பொய் இல்லை. ஒரு ஃபார்ம், அதுல ஒரு கோப்புப் பெட்டி, அந்தப் பக்கம் வழங்கியில பத்து வரி நிரல். கோப்பு வந்து உக்காந்துடும். வந்து உக்காந்ததை வச்சுக்கிட்டு என்ன பண்றதுங்கறதுக்குத்தான் நாலு மாசமா ராத்திரி ராத்திரி பொட்டி தட்டிட்டு இருக்கேன்.

விஷயம் இதுதான். எங்க குடும்பத்துக்குன்னு ஒரு வம்சாவளி நிரலி எழுதி வச்சிருக்கேன். பொழுதுபோக்குதான், காசு பணம் கிடையாது. யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த ஊர்ல வாக்கப்பட்டாங்கன்னு பேரும் வருஷமும் மட்டும் இருந்துச்சு. பொங்கலுக்குப் போனப்ப பெரியம்மா, "பேரு மட்டும் போட்டா ஆச்சா? மூஞ்சி வேணாமா?"ன்னு கேட்டுட்டாங்க. அவங்க ட்ரங்குப் பொட்டியில எங்க பாட்டியோட படம் ஒண்ணு இருக்கு. ஸ்டூடியோவுல நின்னு எடுத்தது. பாட்டிக்குன்னு இருக்கறது அந்த ஒரே படம்தான். ஓரத்துல பூஞ்சை ஏற ஆரம்பிச்சிடுச்சு. "இதை உன் இதுல ஏத்திட்டா பத்திரமா இருக்கும்ல?"ன்னாங்க.

அந்த "பத்திரம்"ங்கற வார்த்தைதான் வேலையை இழுத்து விட்டுடுச்சு. "ஏற்று"ன்னு ஒரு பொத்தான் வச்சா நமக்கு அது ஒரு வசதி. அமுக்கறவங்களுக்கு அது ஒப்படைப்பு. ஏத்தியாச்சுன்னு நினைச்சு போன்ல இருக்கறதை அழிச்சுடுவாங்க, காகிதத்தைப் பழைய பேப்பரோட போட்டாலும் போட்டுடுவாங்க. அப்போ அந்தப் பொத்தானுக்குப் பின்னாடி என்னென்ன இருக்கணும்?

முதல்ல வர்றது பேர் பிரச்சனை. உலாவியிலிருந்து கோப்பு அனுப்புற முறைக்கு வயசு முப்பது ஆச்சு. 1995 நவம்பர்ல ஜெராக்ஸ் நிறுவனத்துக்காரங்க ரெண்டு பேர் எழுதின ஆர்எஃப்சி 1867தான் அதுக்கு மூலம். அதுக்கு முன்னாடி ஃபார்ம்ல எழுத்து மட்டும்தான் போகும். அந்த முறைப்படி உலாவி ஒவ்வொரு கோப்புக்கும் முன்னாடி "இதோட பேர் இது, வகை இது"ன்னு எழுதி அனுப்பும். கவனிங்க, அதெல்லாம் அனுப்புறவங்க சொல்றது. கவர் மேல "கல்யாணப் பத்திரிகை"ன்னு எழுதியிருந்தா உள்ளே பத்திரிகைதான் இருக்கணும்னு சட்டம் இல்லையே!

அதனால கவரை நம்பாம உள்ளே பார்க்கணும். ஜிஃப் கோப்புன்னா முதல் மூணு எழுத்தே ஜி, ஐ, எஃப்தான். பிஎன்ஜி, ஜேபெக் ஒவ்வொண்ணுக்கும் தலையில இப்படி ஒரு முத்திரை உண்டு. அது இல்லாததுக்கு உள்ளே இடம் இல்லை. முத்திரை இருந்தாலும் முழுசா நம்பக் கூடாது. 2016 மே மாசம் இமேஜ்மேஜிக்ல ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. படம் மாதிரி ஒரு கோப்பை ஏத்தினா, அதைச் சின்னதாக்கப் போற நேரத்துல வழங்கியிலேயே கட்டளை ஓட்டிடலாம். 2011 ஆகஸ்ட்ல வேர்ட்பிரஸ் வார்ப்புருக்கள்ல இருந்த டிம்தம்ப் நிரல் பட்ட பாடு பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளியிலிருந்து "படம்"னு இழுத்துட்டு வந்த கோப்பை வழங்கி நிரலா எடுத்து ஓட்டிடுச்சு. குடும்பத்து ஆளுங்கதானே ஏத்துறாங்கன்னு விட முடியாது. சித்தப்பாவோட கடவுச்சொல் சித்தப்பாகிட்ட மட்டும்தான் இருக்குன்னு என்ன நிச்சயம்? ஆகவே வர்ற கோப்பெல்லாம் வலையிலிருந்து நேரா தொட முடியாத ஒரு அடைவுக்குப் போகுது. கேட்கறவங்களுக்கு அனுமதி பார்த்து நிரலி எடுத்துக் கொடுக்கும்.

அடுத்தது தமிழ்ப் பேர். இது நம்மாளுங்களுக்கே உரிய தலைவலி. கோப்புப் பேரைச் "சுத்தம்" செய்யறேன்னு வர்ற பல நிரல் துண்டுகள் ஆங்கில எழுத்தைத் தவிர எல்லாத்தையும் தூக்கிடும். "பாட்டி", "தாத்தா", "கோவில்" மூணுமே வெறும் கோடாயிடும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அழிச்சுக்கும். கொஞ்சம் நாகரிகமான நிரல் ஒருங்குறியில "எழுத்து"ன்னு குறிச்சதை மட்டும் விட்டு வைக்கும். ஆனா அங்க நம்ம கால், கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்துக் கணக்குல வராது, குறி கணக்குல வரும். அதனால கோவில் "கவல" ஆயிடும், பாட்டி "படட" ஆயிடுவாங்க :-)

இன்னொரு கூத்து, "கோ"வை ஒருங்குறியில ரெண்டு விதமா எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே துண்டாவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனின்னு பிரிச்சும் வைக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கணினிக்கு வேற வேற. மேக் கணினிகளோட பழைய கோப்பு முறை பிரிச்சுத்தான் வச்சுக்கும். தேடினா கிடைக்காது. நீளமும் இடிக்கும். லினக்ஸ்ல கோப்புப் பேருக்கு எல்லை 255 பைட். யூடிஎஃப்-8ல தமிழ்க்குறி ஒவ்வொண்ணுக்கும் 3 பைட். 85 குறியிலேயே முடிஞ்சிடும். "பெரியம்மா வீட்டுக் கிரகப்பிரவேசம்"னு ஆரம்பிச்சு வந்தவங்க எல்லாரையும் பேர்லயே எழுதுற ஆளுங்க எங்க வீட்ல உண்டு!

வழி என்னன்னா, வட்டுல கோப்புக்கு நிரலியே ஒரு எண் கொடுத்துடணும். அவங்க வச்ச பேரைத் தரவுத்தளத்துல, ஒரே வடிவத்துக்கு மாத்தி, அப்படியே காப்பாத்தணும். கேமரா வைக்கிற பேரையும் நம்ப முடியாது. நாலு எழுத்து, நாலு இலக்கம், 9999 வந்தா மறுபடி ஒண்ணுலேர்ந்து. ரெண்டு பேர் போன்ல ஒரே பேர்ல ரெண்டு படம் இருக்கறது சர்வ சாதாரணம்.

மூணாவது, மூலப்படத்துல கை வைக்கவே கூடாது. இதுல நான் பிடிவாதம். சின்னதாக்கறது, வெட்டுறது, வெளிச்சம் கூட்டுறது எல்லாம் பிரதியில. 6க்கு 4 அங்குலப் படத்தை 600 புள்ளி அடர்த்தியில ஸ்கேன் பண்ணினா 3600க்கு 2400 புள்ளி. அமுக்காம வச்சா சுமார் 26 எம்பி. "எதுக்கு இவ்ளோ பெருசு, குறைச்சுப் போடேன்"னு தம்பி கேட்டான். குறைச்சதை மறுபடி பெருசாக்க முடியாதேடா. பூஞ்சையை எடுத்துச் சரி பண்ற கைகாரன் ஒருத்தன் பத்து வருஷம் கழிச்சு வந்தா அவனுக்கு அந்த 26 எம்பி வேணும்.

பிரதி எடுக்கும்போது ரெண்டு விஷயம் பார்க்கணும். போனைச் சாய்ச்சுப் பிடிச்சு எடுத்தா பல கேமரா படத்தைத் திருப்பாது. "இதைத் திருப்பிக் காட்டு"ன்னு எக்ஸிஃப் குறிப்பு மட்டும் எழுதி வைக்கும். குறிப்பைப் படிக்காம பிரதி எடுத்தா ஆள் படுத்துடுவார். இன்னொண்ணு, அதே எக்ஸிஃப்ல எடுத்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகை இருக்கலாம். 2012 டிசம்பர்ல ஜான் மெக்காஃபி தலைமறைவா இருந்தப்ப, ஒரு பத்திரிகை போட்ட படத்துல இருந்த இந்தக் குறிப்பை வச்சுத்தான் அவர் குவாத்தமாலாவுல இருக்கார்னு ஊருக்கே தெரிஞ்சுது. நம்ம வீட்டுக் குழந்தைகள் படத்துல வீட்டு விலாசம் போகணுமா? மூலத்துல எல்லாம் அப்படியே இருக்கும், மத்தவங்க பார்க்கற பிரதியில இடக்குறிப்பு இருக்காது.

நாலாவது, "வெற்றி"ன்னு எப்போ சொல்றது? பிஹெச்பியில கோப்புக்கு இயல்பான எல்லை 2 எம்பி, மொத்த ஃபார்முக்கு 8 எம்பி. இப்ப போன்ல எடுக்கற சாதாரண படமே அந்த 2 எம்பியைத் தாண்டிடும். 8ஐத் தாண்டினா இன்னும் வேடிக்கை, ஃபார்மே காலியா வந்து நிக்கும். எழுதின பேர், வருஷம் எதுவும் இருக்காது. அந்த எல்லைகளை ஏத்தி வச்சேன். ஊர்ல சிக்னல் போய்ப் போய் வரும்கறதால கோப்பைத் துண்டு துண்டா அனுப்பி, விட்ட இடத்துலேர்ந்து தொடர்ற மாதிரி வச்சேன். எல்லாத் துண்டும் சேர்ந்து, அனுப்பினதும் வந்ததும் ஒண்ணான்னு கூட்டுத்தொகை சரிபார்த்து, இன்னொரு இடத்துக்கும் ஒரு நகல் போனப்புறம்தான் "பத்திரமாக வந்து சேர்ந்தது"ன்னு காட்டும். அதுவரைக்கும் "வந்துகொண்டிருக்கிறது"தான். கொஞ்சம் மெதுவா இருக்கும், இருக்கட்டும். வாட்ஸ்அப்ல படமா வந்ததை ஏத்தாதீங்கன்னும் சொல்லி வச்சிருக்கேன். அது படத்தை அமுக்கி, குறிப்பெல்லாம் உரிச்சுட்டுத்தான் அனுப்பும். ஆவணமா அனுப்பினா அப்படியே வரும்.

அஞ்சாவது, நீக்கறது. இங்க நிரல் பிரச்சனை முடிஞ்சு மனுஷப் பிரச்சனை ஆரம்பிச்சுது. எங்க வீட்ல ஒரு பொண்ணு, முறை சொல்லலை, அவளோட கல்யாணப் படத்தை ஒருத்தர் ஏத்திட்டார். அந்தக் கல்யாணம் கோர்ட்ல முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. "அண்ணா, அதை எடுத்துடேன்"னு கேட்டா. மாமா ஒருத்தர், "நடந்தது நடந்ததுதானே, வம்சாவளின்னா எல்லாம்தான் இருக்கும்"னார். அதே படத்துல ஓரமா, கடைசிக் காலத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிற தாத்தா வேற.

அப்போதான் புரிஞ்சுது, "நீக்கு"ங்கறது ஒரு பொத்தான் இல்லை, ரெண்டு. படத்துல இருக்கறவங்க யாரா இருந்தாலும், யாரையும் கேட்காம, காரணம் சொல்லாம "மறை"ன்னு அமுக்கலாம். உடனே மறைஞ்சிடும். ஏத்தினவர் மட்டும்தான் "நீக்கு" அமுக்க முடியும், அமுக்கினாலும் 30 நாள் கூடையில இருக்கும். அவ மறைச்சுட்டா. மூலத்தைத் தொடாம வெட்டுற வசதி இருந்ததால, தாத்தா மட்டும் இருக்கற பிரதியை அவகிட்ட காட்டி, அவ சரின்னப்புறம் தாத்தா பக்கத்துல வச்சேன். மாமாவுக்கு இன்னும் கோபம்தான். படத்துல இருக்கறவ உயிரோட இருக்கா, அவ சொல்றதுதான் முதல்ல.

ஆறாவது, நகல். 2019 மார்ச்ல மைஸ்பேஸ் தளத்துல, வழங்கி மாத்தினப்ப 2003லேர்ந்து 2015 வரைக்கும் ஜனங்க ஏத்தின பாட்டெல்லாம் போயிடுச்சுன்னு செய்தி வந்துச்சு. அஞ்சு கோடிக்கு மேல பாட்டுன்னு எழுதினாங்க. அவ்ளோ பெரிய இடத்துலயே அப்படி. போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் சொன்ன 3-2-1 கணக்கைத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன். மூணு நகல், ரெண்டு வித ஊடகம், ஒண்ணு வேற ஊர்ல. படத்தை மட்டும் நகல் எடுத்தா போதாது, தரவுத்தளத்தையும் அதே நேரத்துல எடுக்கணும். இல்லாட்டி எண் போட்ட கோப்பு ஆயிரம் இருக்கும், யார் யாருன்னு தெரியாது.

அந்த "யார் யாரு"தான் கடைசி விஷயம். பாட்டி படத்தை ஸ்கேன் பண்றப்ப திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை, கீழே பென்சில்ல பாட்டி பேரும், கூட நிக்கிற சின்னப் பொண்ணு பேரும். அந்தச் சின்னப் பொண்ணை நாங்க எல்லாரும் பெரியம்மான்னே நினைச்சுட்டு இருந்தோம். பெரியம்மா உட்பட! எழுதியிருந்தது பாட்டியோட தங்கச்சி பேர். அதனால நிரலியில ஒரு படம்னா ஒரு கோப்புங்கற கணக்கை எடுத்துட்டேன். ஒரு படத்துக்கு முன்பக்கம், பின்பக்கம், யாராவது அதைப் பத்திப் பேசின ஒலிப்பதிவு, மூணும் சேர்ந்தாத்தான் ஒரு பதிவு.

இதெல்லாம் முடிச்சப்புறம் ஒரு பொத்தான் பாக்கி இருந்துச்சு, "எல்லாத்தையும் எடு". இந்த நிரலிக்கு நான் ஒரே ஆள். எனக்கு அலுத்துப்போனாலோ, நானே இல்லாட்டியோ, படங்கள் என்னோட மாட்டிக்கக் கூடாது. அதை அமுக்கினா மூலப்படங்கள் தமிழ்ப் பேரோட, கூடவே யார் யாருன்னு ஒரு எழுத்துக் கோப்பு, எல்லாம் ஒரே ஜிப்பா வரும். என் நிரலி இல்லாமலே திறக்கலாம். கணினின்னா கேம் மட்டும்னு இருக்கற அக்கா பையன்கிட்ட பென்டிரைவ்ல கொடுத்துப் பார்த்தேன். பத்து நிமிஷத்துல திறந்துட்டு, "மாமா, இதுல எங்க தாத்தா பேரை ரெண்டு எடத்துல யாரோ மாத்தி எழுதியிருக்காங்க"ன்னான். திருத்தியாச்சு.

நிரலி எழுதாதவங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். வீட்ல பழைய படம் இருந்தா ஸ்கேனர் தேடறதுக்கு முன்னாடி, அதுல இருக்கறவங்களைத் தெரிஞ்ச ஆள் இருக்கும்போதே பின்பக்கம் பேரை எழுதிடுங்க. மெல்லிசா, பென்சில்ல. பேனா வேணாம், மை ஊறி முன்பக்கம் வந்துடும்.