எட்டு நிமிஷமா, முக்கால் மணித்தியாலமா?

கிளிநொச்சிப் பக்கம் வீடியோ வேலை செய்யிற பெடியள் சந்திச்சா ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "உன்ர மெசின்ல ஒரு மணித்தியால வீடியோ எத்தினை நிமிஷத்தில வெளிய வருது?" குறைஞ்ச நிமிஷம் சொல்றவன் வெண்டான். கண்டாவளையில இருந்து பாத்தா எனக்கு இந்தக் கணக்கு வேற மாதிரித் தெரியுது.

கமராவில இருந்து வாற பைல் பெரிசு. திருப்பிச் சுருக்கித்தான் ஆக்களுக்கு அனுப்பலாம். அதை இரண்டு விதமாச் செய்யலாம். ஒண்டு, புரோசசரில ஓடுற மென்பொருள், எச்.264 வடிவத்துக்கு எக்ஸ்264 எண்ட இலவச மென்பொருள் பேர்போனது. மற்றது, அந்த ஒரு வேலைக்கெண்டே சிப்புக்குள்ள வச்சிருக்கிற சுற்று. இன்ரெல் இதை 2011இல 'குயிக் சிங்க்' எண்டு கொண்டு வந்தது. அடுத்த வருஷம் என்விடியாவும் தன்ர கிராபிக்ஸ் காட்டில வச்சது. ஹான்ட்பிரேக் இருந்தா ஒண்டில இருந்து மற்றதுக்கு மாத்திறது ஒரு கிளிக்.

என்ர மெசின் பழைய ஆறாம் தலைமுறை ஐ5. தனிக் கிராபிக்ஸ் காட் இல்லை. புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பங்குனி உத்திரப் பொங்கலில எடுத்த ஒரு மணித்தியால வீடியோவை இரண்டு விதமாவும் ஓட விட்டுப் பாத்தன். குயிக் சிங்க் எட்டு நிமிஷம். எக்ஸ்264, 'ஸ்லோ' அமைப்பில, 45 நிமிஷம். இதோட கதை முடிஞ்சுது எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது.

வீடியோவைச் சுருக்கிறது எண்டா, முந்தின பிரேமில இருந்த எது இப்ப எங்க நகர்ந்திருக்கு எண்டு தேடுறது. கண்டுபிடிச்சா 'அது இங்க வந்திட்டு' எண்டு மட்டும் எழுதினாக் காணும், படத்தைத் திருப்பி எழுதத் தேவையில்லை. எக்ஸ்264 'ஸ்லோ'வில 50 பிரேம் முன்னால பாத்து, எங்க இடத்தைச் செலவழிக்கிறது, எங்க மிச்சம் பிடிக்கிறது எண்டு யோசிக்குது. சிப்பில இருக்கிற சுற்று வேகத்துக்காகவே செய்தது, தேடுறதும் குறைவு. வயல் வீடியோ எண்டா பிரச்சினை இல்லை. கமரா அசையாம நிண்டா அசையிறது கொக்கு மட்டும்தான். பொங்கல் இரவு அப்பிடியில்லை. அடுப்புப் புகை, சனநெரிசல், காவடி, இருட்டுக்குள்ள ரியூப் லைற். பைலை இரண்டு ஜிபிக்குள்ள அடக்கினா குயிக் சிங்கில புகை சதுரம் சதுரமா உடையுது. எக்ஸ்264இன்ர அதே வடிவு வர அதுக்கு 2.8 ஜிபி தேவைப்பட்டது. (இரண்டிலயும் தர எண்ணை 20 எண்டு வச்சு ஒப்பிடுறவை இருக்கினம். இங்கத்தை 20உம் அங்கத்தை 20உம் ஒரே அளவுகோல் இல்லை. கண்ணாலதான் பாக்கவேணும்.)

இப்ப அந்தப் பைல் ரொறன்ரோவில இருக்கிற சித்தப்பாட்டப் போகவேணும். பின்னேரத்தில எங்கட வீட்டு இணைப்பில அப்லோட் வேகம் செக்கனுக்கு இரண்டு மெகாபிற். 2.8 ஜிபி போக மூண்டு மணித்தியாலத்துக்கு மேல. இரண்டு ஜிபி எண்டா இரண்டே கால். சுருக்கின நேரத்தையும் கூட்டுங்கோ: 'வேகமான' வழி 195 நிமிஷம், 'ஆறுதலான' வழி 178. மெதுவா ஓடினது 17 நிமிஷம் முந்திப் போய்ச் சேருது, 800 எம்.பி. டேற்றாவும் மிச்சம். விடியப்புறம் அப்லோட் பத்து மெகாபிற் வாற நேரம் கணக்குத் தலைகீழாகும், அப்ப குயிக் சிங்க்தான் வெல்லும். கொழும்பில பைபர் வச்சிருக்கிறவனின்ர விடை எங்களுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

குயிக் சிங்குக்காரர் ஒரு நியாயம் சொல்லுவினம்: முக்கால் மணித்தியாலத்துக்குள்ள கரண்ட் போனா? சரியான கேள்வி. 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினதை இங்க ஒருத்தரும் மறக்கேல்லை. எம்.பி.4 பைலில குறிப்புப் பகுதி வழக்கமா கடைசியிலதான் எழுதப்படும், இடையில நிண்டா பைல் முழுக்கச் செத்திடும். அதால நான் எம்.கே.வி.யிலதான் ஓட விடுறன். நிண்ட இடம் வரைக்கும் மிஞ்சும். முடிஞ்சாப்பிறகு எம்.பி.4க்கு மாத்திறது சில செக்கன் வேலை, திருப்பிச் சுருக்கத் தேவையில்லை.

சிப்பைக் குறை சொல்ல வரேல்லை. நேரலை, வீடியோ கோல், போன் கமரா எல்லாம் அதாலதான் நடக்குது. நிமிஷத்துக்கு 100 எம்.பி.க்கு மேல தின்னிறதும் அதாலதான். யூடியூப்பே இந்த வேலைக்கெண்டு சொந்தமாச் சிப் செய்ததை 2021இல வெளியில சொன்னது. வந்து குவியிற வீடியோவைப் பிறகெப்பிடிச் சமாளிக்கிறது?

ஆனா சில பைலுக்கு நேரக்கணக்கே இல்லை. 2003இல மாமாவின்ர கலியாணம். வீட்டில இருந்த கசெற் 2009 இடப்பெயர்வில போச்சு. ஏ9 திறந்திருந்த அந்தக் காலத்தில பாரிஸ் பெரியம்மாவுக்குப் போன கொப்பி மட்டும் மிஞ்சினது. அண்ணா அதை டிஜிட்டலாக்கி ஹாட் டிஸ்கில அனுப்பினவர்: மூண்டு மணித்தியாலம், கிட்டத்தட்ட 39 ஜிபி. பழைய கசெற்றின்ர இரைச்சல் புள்ளியளையும் அசைவு எண்டுதான் சுருக்கிற மென்பொருள் நினைக்கும். அதுக்கு இடத்தைக் குடுத்தா முகத்துக்கு இடம் காணாது. இரட்டை வரிக்கோட்டை நீக்கிற வடிகட்டி வேற புரோசசரிலதான் ஓடுது, அதால குயிக் சிங்கின்ர வேகமும் பாதியாக் குறையுது.

அம்மம்மா அதில மொத்தம் பதினொரு செக்கன்தான் வாறா, பந்தலுக்குப் பக்கத்தில வெத்திலைத் தட்டத்தோட. அந்தத் துண்டை வெட்டி இரண்டு விதமாவும் சுருக்கி, எது எது எண்டு சொல்லாம அம்மாட்டக் காட்டினன். ஒண்டில கன்னம் மெழுகு பூசின மாதிரி. மற்றதில சுருக்கம் தெரியுது. அம்மா சுருக்கம் தெரியிறதைத்தான் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னா. முழுக் கலியாணமும் ஒரு இரவு முழுக்க எக்ஸ்264இல ஓடினது. 39 ஜிபி மூலத்தை அழிக்கேல்லை. 2018 டிசம்பர் வெள்ளம் கண்டாவளைக்குள்ள வந்ததைப் பாத்த ஆக்கள் நாங்கள். இன்னொரு டிஸ்கில ஏத்தி, தருமபுரத்தில சித்தி வீட்டை அலுமாரிக்கு மேல வச்சிருக்கு.