சீனத்துக் கோயிலில் நம் கண்ணன்

சீனா போய் வந்தோம் என்று சொன்னால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, "அங்கே என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "பாம்பு?" காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கும் நண்பர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டுவிட்டார்கள். ஆகவே அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சோறு, பூண்டு போட்டு வதக்கிய கீரை, கத்தரிக்காய், டோஃபு, அரிசி நூடுல்ஸ். என் மனைவி சைவம். "இவர் இறைச்சி, மீன், முட்டை சாப்பிடமாட்டார்" என்று சீன எழுத்தில் ஒரு அட்டை எழுதி என் மகன் கொடுத்திருந்தான். அதைக் காட்டினால் போதும், நல்லபடியாகக் கவனித்துக்கொண்டார்கள். பாம்பை நாங்கள் பார்க்கவே இல்லை.

நான் சொல்ல நினைப்பது வேறு.

என் மகன் பிரான்சில் படித்து, அங்கேயே வேலையில் சேர்ந்து, இப்போது அலுவலக மாற்றலில் தென்சீனாவின் குவாங்சோ நகரில் இருக்கிறான். மருமகள் ரெயூனியோன் தீவைச் சேர்ந்தவள். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்காகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிப் போன நம்மவர்களின் வழி வந்த குடும்பம். சாமி கும்பிடுவார்கள், காவடி எடுப்பார்கள். தமிழ் மட்டும் மூன்று தலைமுறைக்கு முன்பே போய்விட்டது. ஆகவே மகன் வீட்டில் பேச்செல்லாம் பிரெஞ்சுதான். ஒன்பது வயதுப் பேத்திக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொற்கள்: ஆயா, சாப்டேன், போதும்.

எனக்குக் கவலையில்லை. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சின் ஆறுகளை மனப்பாடம் செய்த பிறகுதான் தென்பெண்ணையாற்றைப் பற்றிப் படித்தேன். என் மனைவியோ பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து தமிழ்ப் பள்ளியில் படித்தவள். பேத்தியோடு அவள் பேசவேண்டுமானால் நடுவில் நான் இருக்க வேண்டும். 2024 நவம்பரில் கிளம்பும்போதே, "நான் வந்து அந்தப் புள்ள கிட்ட என்னத்தப் பேசப்போறேன்? நீங்க ரெண்டு பேரும் பேசுவீங்க, நான் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பேன்" என்றாள்.

நேரடி விமானம் அப்போது இல்லை. கோலாலம்பூரில் மாறி, குவாங்சோ விமான நிலையத்தில் இறங்கினோம். பேத்தியைப் பார்த்ததும் என் மனைவி, "என் ராசாத்தி, என் கண்ணு, இப்படி எளைச்சிப் போயிட்டியேடி" என்று கன்னத்தை வழித்தாள். நான் பிரெஞ்சில், "நீ மெலிந்திருக்கிறாய் என்கிறாள்" என்றேன். நாலு பக்க மனுவை இரண்டு வரியில் சுருக்கிக் கோப்பில் குறிப்பு எழுதுவது முப்பத்தைந்து வருடம் நான் பார்த்த வேலை. ராசாத்தியையும் கண்ணையும் எந்த வரியில் வைப்பது? குழந்தை, "ஆயா என்னைத் திட்டுகிறாளா?" என்று என்னைக் கேட்டது.

குவாங்சோவில் முதலில் பார்த்தது ஷாமியான் தீவு. முத்தாற்றின் கரையில் மணல்திட்டாக இருந்த இடம். இரண்டாம் அபினிப் போரில் சீனா தோற்றபின், 1861இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் குத்தகையாகப் போனது. ஐந்தில் நான்கு பங்கு ஆங்கிலேயருக்கு, கிழக்கே ஒரு பங்கு பிரெஞ்சுக்காரருக்கு. நம் ஊர் வெள்ளைக்காரத் தெருக்களில் நடப்பது போலவே இருக்கிறது. அதே உயரமான சன்னல்கள், அதே வெளிர்நிறச் சுவர்கள், பெரிய ஆலமரங்கள், லூர்து மாதா பெயரில் ஒரு சின்னத் தேவாலயம். தீவையும் ஊரையும் பிரிப்பது ஒரு வாய்க்கால். "நம்ம ஊரு பெரிய வாய்க்கால் மாதிரியே இருக்குதுங்க" என்றாள் என் மனைவி. உண்மைதான். இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் நாம் என்று கோடு போட்டதைப் போல.

வாய்க்காலின் அக்கரையில் ஓடும் சாலைக்கு "ஆறு இரண்டு மூன்று" என்று பெயர். 1925 ஜூன் 23ஆம் தேதி அந்தக் கரையில் தொழிலாளர்களும் மாணவர்களும் ஊர்வலம் போனார்கள். தீவிலிருந்த ஆங்கிலேய, பிரெஞ்சுக் காவல் படைகள் சுட்டதில் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தேதிதான் சாலையின் பெயர். மகன் இதைச் சொன்னதும் பேத்தி என்னைப் பார்த்து, "நம் பிரான்சா சுட்டது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் நீண்ட நேரம் பேசவில்லை. நான் படித்த வகுப்பில் இந்தத் தேதியை யாரும் சொல்லித்தரவில்லை. அவளாவது அந்த இடத்திலேயே நின்று தெரிந்துகொண்டாள்.

திரு இருதயப் பேராலயத்தையும் பார்த்தோம். ஊர்மக்கள் அதைக் "கல் வீடு" என்கிறார்கள். 1863இல் தொடங்கி 1888 வரை கட்டினார்கள், முழுவதும் கருங்கல். வரைபடம் பிரான்சிலிருந்து வந்தது, கல்லைச் செதுக்கியது சீனக் கொத்தர்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே நம் இருதய ஆண்டவர் கோயில் இருக்கிறதே, அதே பெயர், அதே கூரிய வளைவுகள். என் மனைவி வாசலிலேயே கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். முழங்கால் வலி.

அடுத்து குயிலின். அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விட்டோம். அங்கிருந்து லி ஆற்றில் யாங்ஷோ வரை படகு, எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், நாலு மணி நேரத்துக்குமேல் ஆகிறது. இரண்டு கரையிலும் தனித்தனியாக எழுந்து நிற்கும் மலைகள். கடலுக்கடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை மேலே வந்து, மழைநீரில் பல லட்சம் ஆண்டுகள் கரைந்து, கரையாதது நின்றிருக்கிறது. இருபது யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இந்த ஆறுதான். அந்த இடம் வந்ததும் படகில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு நோட்டை எடுத்து மலைக்கு நேரே பிடித்துப் படம் எடுத்தார்கள். நாங்களும்தான்.

"குழவிக்கல்ல வரிசையா நிறுத்தி வச்ச மாதிரி இருக்கு பாரு" என்று பேத்தியிடம் சொன்னாள் என் மனைவி. குழந்தை என்னைப் பார்த்தது. குழவிக்கு நான் பிரெஞ்சில் எங்கே போவேன்? அரைக்கும் கல் என்றேன். எதை அரைப்பது, ஏன் அரைப்பது என்று கேள்விகள் வந்தன. பதில் சொல்லி முடிப்பதற்குள் மலை பின்னால் போய்விட்டது. என் மனைவி ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் புல்லாங்குழல் குகைக்குப் போனோம். அதன் சுவரில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வந்து பார்த்தவர்கள் மையால் எழுதிய எழுத்துகள் இருக்கின்றன. சுற்றுலாப் போகிறவர்கள் சுவரில் பெயர் எழுதும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது என்று சிரித்தோம்.

கடைசியாக சுவான்சோ. அது என் ஆசை. புகியன் மாநிலக் கடற்கரையில் உள்ள துறைமுகம். மார்க்கோ போலோ சைத்தூன் என்று எழுதிய ஊர் அதுதான். சோங், யுவான் அரசர்கள் காலத்தில் அரபு வணிகர்களும் நம் தமிழ் வணிகர்களும் அங்கே தங்கி வியாபாரம் செய்தார்கள். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1956இல் அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1203, அதாவது 1281ஆம் ஆண்டு. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே ஒரு சிவபெருமானை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. அதில் வரும் கான், குப்ளாய் கான் என்பது அறிஞர்கள் கருத்து. மதுரையில் பாண்டியர் ஆண்ட காலம். அந்தக் கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் ஊரின் பல இடங்களில் கிடைத்தன. பல கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லிங்கத்தை யானை வழிபடும் சிற்பத்தைப் பார்த்தால் திருவானைக்கா நினைவு வராமல் இருக்காது.

கையுவான் கோயில் புத்தர் கோயில். 686இல் ஏற்பட்டது. இரண்டு பக்கமும் இரண்டு கல் கோபுரங்கள், 13ஆம் நூற்றாண்டு வேலை, நாற்பது மீட்டருக்கு மேல் உயரம். பக்கத்துக் கூடத்தில், 1974இல் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த பழைய கப்பல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதில் வாசனைக் கட்டைகளும் மிளகும் இருந்தனவாம். நானும் மகனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்கள் மூவரும் பெரிய மண்டபத்தின் பின்பக்கம் நிழலில் உட்காரப் போனார்கள்.

நாங்கள் அங்கே போனபோது என் மனைவி உட்கார்ந்திருக்கவில்லை. மண்டபத்தின் பின் தாழ்வாரத்தில் பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள் உண்டு. இடிந்துபோன நம் கோயிலிலிருந்து வந்தவை, மிங் காலத்தில் புதுப்பிக்கும்போது அங்கே நிறுத்தினார்கள். தூண்களில் வட்டம் வட்டமாகச் சின்னச் சிற்பங்கள். நரசிம்மர், யானையைக் காக்க வந்த பெருமாள், கோபியரின் துணியை எடுத்துக்கொண்ட கண்ணன். ஒன்றில், உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மரங்களுக்கு நடுவே போகும் குழந்தை.

அந்த வட்டத்துக்கு முன்னால் நின்று என் மனைவி தமிழில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலியை மறந்து குனிந்து உரலை இழுத்துக் காட்டினாள். வெண்ணெய் தின்னும் வாயைக் காட்டினாள். யசோதை கயிறு கட்டுவதற்குத் தன் முந்தானையை எடுத்துப் பேத்தியின் இடுப்பில் சுற்றினாள். "இழுத்தான். அப்புறம்? இந்தப் பக்கம் ஒரு மரம், அந்தப் பக்கம் ஒரு மரம். அப்புறம்? உரல் மாட்டிக்கிச்சு. அப்புறம்? மடார்னு ரெண்டு மரமும் சாஞ்சிடுச்சு!"

வழக்கம்போல நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். மருமகள் என் கையைப் பிடித்து, "பொறுங்கள், அப்பா" என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள். ரெயூனியோனில் அவள் பாட்டி வீட்டுச் சுவரில் இந்தக் குழந்தையின் படம் மாட்டியிருந்ததாம். உரலோடு ஏன் கட்டியிருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்த மொழி பாட்டிக்கு இல்லை. அவளும் மகளின் பக்கத்தில் நின்று, ஒரு சொல்லும் புரியாமல், எல்லாவற்றையும் புரிந்துகொண்டு கேட்டாள்.

அடுத்த வட்டத்துக்குப் போனதும் பேத்தியே, "ஆயா, அப்புறம்?" என்றாள். அது அவளுடைய நாலாவது தமிழ்ச் சொல்.

அன்று இரவு ஓட்டலில் குழந்தை தன் நோட்டில் பிரெஞ்சில் எழுதியதைப் படித்தேன். "தப்பு செய்ததால் ஒரு குழந்தையைக் கல் பாத்திரத்தில் கட்டினார்கள். அவன் இழுத்தான். மரங்கள் விழுந்தன. உள்ளே அடைபட்டிருந்த இரண்டு பேர் வெளியே வந்தார்கள்." குபேரன் பிள்ளைகள் என்ற பெயர் மட்டும்தான் இல்லை. யானைக் கதையில் முதலையை மீன் என்று எழுதியிருந்தாள். படித்துச் சொன்னேன். "மீனுன்னே இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

சம்பந்தப் பெருமாளின் ஊரையும் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளத்தான் அங்கே போனேன். அவர் மொழியைப் பேசுகிறவர்கள் அந்த ஊரில் இன்று இல்லை. கல்லில் செதுக்கிய கதை மட்டும், எழுநூறு ஆண்டுகள் கழித்தும், பார்த்த உடனே ஒரு பாகூர்ப் பெண்ணுக்குப் புரிந்தது. அவள் வழியாக ஒரு குழந்தைக்கும் புரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் கதை நடக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். எப்போதாவது ஒரு சொல்லுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். போன வாரம் வெண்ணெய்ப் பானை தொங்கும் உறிக்குப் பிரெஞ்சில் என்ன என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அவள் எழுந்துபோய், கொடிக்கயிற்றை அவிழ்த்து மூன்றாக மடித்து, ஒரு சொம்பை வைத்துக் கட்டி, கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டுக் காட்டினாள்.