பொருநை வழிப் பயணம்: உடன்குடியும் பிந்தித் தொடங்கிய ஓட்டமும்

மருதூர் அணைக்கட்டில் பிரியும் மேலக்காலின் தண்ணீர் சடையனேரிக் கால்வாய் வழியே தெற்கே நகர்ந்து, தேரிக்காட்டின் ஓரத்துக் குளங்களை ஆண்டுக்கு ஆண்டு ஒரு நம்பிக்கையாக மட்டுமே எட்டிப் பார்க்கும் கடைமடையில், தாமிரபரணியின் நஞ்சை முடிந்து பனங்காடு தொடங்குகிறது. அந்த எல்லைக்கு அப்பால், கடலுக்கு மிக அருகே, திருச்செந்தூர் வட்டத்தில் அமைந்துள்ள பேரூர் உடன்குடி. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை நெல்லைச் சீமைக்குள் இருந்த இவ்வூரின் பேச்சிலும் உறவுமுறையிலும் கடைத்தெருவிலும் இன்றும் நெல்லையே ஒலிக்கிறது. இத்தொடரின் சென்ற பகுதி வாழைத்தோட்டங்களுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் நடுவே நின்றது. செம்மண் தேரிக்குள் நுழையும் இப்பகுதி, கோயில்களையும் கருப்பட்டியையும் சற்று ஓரமாக வைத்துவிட்டு, நடுவயதைக் கடந்த பிறகு நெடுந்தூர ஓட்டத்தில் பற்றுக்கொள்ளும் மனிதரை இந்நிலத்தின் துணையோடு புரிந்துகொள்ள முயல்கிறது.

தென்மாவட்டச் சாலைகளில் விடியற்காலையில் ஓடுவோர் பெரும்பாலும் இளைஞர்களே. அவர்களுள் பலர் ஓடுவது காவலர் தேர்வுக்காக அல்லது ராணுவ ஆள்சேர்ப்புக்காக. தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும்; பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பு 26. தேர்வானவர் பணிக்குப் போய்விடுகிறார், தேறாதவர் வயது கடந்ததும் ஓட்டத்தை விட்டுவிடுகிறார். ஆகவே ஓட்டம் என்பது வேலைக்கான ஒரு நுழைவுத்தேர்வு என்ற எண்ணம் ஊரில் வேரூன்றிப்போயிருப்பதில் வியப்பில்லை. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் காலணியைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், "என்ன அண்ணாச்சி, சுகரா?" என்ற கேள்விதான் முதலில் வரும். நோய் இல்லாமல், வேலை வாய்ப்பும் இல்லாமல், ஒருவர் ஓடுவதற்குக் காரணம் இருக்க முடியும் என்பதை ஏற்பதற்கு ஊருக்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

இந்த எண்ணத்துக்கு அடிப்படை பள்ளி விளையாட்டுத் திடலில் இருக்கிறது. அங்கே நூறு மீட்டர், இருநூறு மீட்டர் ஓட்டங்களில் முந்துகிறவரே ஓட்டக்காரர் என்று பெயர் பெறுகிறார். மற்றவர்கள் பதினான்கு வயதிலேயே தமக்கு ஓட வராது என்ற முடிவோடு மரநிழலுக்குத் திரும்பிவிடுகின்றனர். ஆனால் குறுந்தூர வேகமும் நெடுந்தூரத் தாங்குதிறனும் உடலின் வெவ்வேறு ஆற்றல்கள். வெடிப்புவிசையோடு சுருங்கி விரைவில் களைத்துப்போகும் வேகத் தசைநார்களின் வலு வயதோடு முன்னதாகக் குறைகிறது. மெல்லச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் நார்களோ பயிற்சிக்கு முதுமையிலும் இணங்குகின்றன. ஜெர்மனியில் டீட்டர் லைக்கும் அவருடைய குழுவினரும் மாரத்தான், அரை மாரத்தான் ஆகியவற்றில் பதிவான ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்ட நேரங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை, 55 வயதுக்கு முன்னர் வயதால் குறிப்பிடத்தக்க சரிவு இல்லை என்று காட்டியது. 42.195 கிலோமீட்டர் ஓட்டம் மாரத்தான். அதில் பாதி அரை மாரத்தான். 65 முதல் 69 வயது வரையிலான ஓட்டக்காரர்களில் கால்பங்கினர், 20 முதல் 54 வயது வரையிலானவர்களில் பாதிப்பேரை முந்தியிருந்தனர் என்பதும், 50 முதல் 69 வயதினரில் கால்பங்குக்கும் மேலானோர் முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள்தான் பயிற்சியே தொடங்கியிருந்தனர் என்பதும் அதே ஆய்வு தரும் செய்திகள். பிந்தித் தொடங்குவது விதிவிலக்கு அன்று, நெடுந்தூர ஓட்டத்தின் வழக்கமான வாசல்களுள் ஒன்று என்று இதிலிருந்து கொள்ளலாம்.

உடன்குடி வட்டாரத்துக்கு இது புதுச் செய்தியாக இருக்க நியாயமில்லை. பதநீர்ப் பருவத்தில் பனையேறிகள் முருக்குத்தடியைச் சாய்த்து, காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அருவாப்பெட்டியோடு, காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்கும் உழைப்பு, மூச்சும் இதயமும் சேர்ந்து செய்யும் தாங்குதிறன் வேலையே. அதை அறுபது வயதைத் தாண்டியும் செய்தவர்கள் இங்கே உண்டு. அவர்களை யாரும் விளையாட்டு வீரர் என்று சொன்னதில்லை. அதுபோலவே தைப்பூசத்தை ஒட்டித் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பாதயாத்திரை போகும் கூட்டத்தில் நரைத்த தலைகள் குறைவில்லை. நடைக்கு முருகனும் ஏற்றத்துக்குப் பிழைப்பும் காரணமாக நின்றதால் வயது அங்கே கேள்வியாக எழவில்லை. காரணம் கேட்கப்படும் இடத்தில்தான், அதாவது ஓட்டத்தில்தான், வயதும் கேட்கப்படுகிறது.

ஓட்டக்காரருக்கு இப்பகுதி தரும் தனித்த பாடம் தேரி. தேரி என்பது காற்று அள்ளிக் குவித்த செம்மணல் மேடு. குதிரைமொழித் தேரி என வழங்கும் பரப்பு திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே விரிந்து கிடக்கிறது. மணல் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடே அந்தச் செந்நிறத்துக்குக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் முந்தைய நாள் காலடித்தடம் மறுநாள் இருப்பதில்லை. காலை வைத்ததும் குதிகால் முதலில் புதைகிறது, உந்தி எழும்போது விரல்களுக்கு அடியில் மணல் பின்னோக்கி வழுக்குகிறது, உந்துவிசையில் ஒரு பகுதி மணலை நகர்த்துவதிலேயே கழிந்துவிடுகிறது. லெஜேன், வில்லம்ஸ், ஹெக்லண்ட் ஆகிய மூவர் 1998-இல் வெளியிட்ட அளவீடு இதை எண்ணால் சொல்கிறது: கெட்டியான தரையில் ஓடுவதைக் காட்டிலும் மணலில் ஓடுவதற்கு ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது, நடப்பதற்கோ 2.1 முதல் 2.7 மடங்கு. மணலில் ஓட்டத்தைவிட நடைக்கே விகிதப்படி கூடுதல் அபராதம் என்பது முதற்பார்வைக்குப் புதிராகத் தோன்றினாலும், தேரியைக் குறுக்கே நடந்து கடந்தவருக்குப் புதிராக இராது.

மணல் மென்மையானது, மூட்டுக்கு நல்லது என்று நம்பி, பிந்தித் தொடங்கியவர்கள் நேரே தேரியில் இறங்குவதுண்டு. அதிர்ச்சி குறைவு என்பது மெய்தான். ஆனால் குதிகால் தரைமட்டத்துக்கும் கீழே அமிழ்வதால் கெண்டைக்கால் தசையைக் குதியெலும்போடு பிணைக்கும் குதிகால் நாண் அளவுக்கு மேல் இழுபடுகிறது. தசையை எலும்போடு கட்டும் இத்தகைய கயிறுகளைத் தசைநாண் என்பர். பிந்தித் தொடங்குவதில் உள்ள மெய்யான ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இதயமும் மூச்சும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன; தசைநாணும் எலும்பும் தம்மைப் புதுப்பித்துக்கொள்ள மாதங்கள் எடுக்கின்றன. இரண்டாம் மாதத்தில் மூச்சு வாங்காமல் ஓட முடிவதை உடல் முழுவதும் தயாராகிவிட்டதன் அடையாளமாகக் கொண்டு தூரத்தைக் கூட்டுபவர், மூன்றாம் மாதத்தில் நொண்டத் தொடங்குகிறார். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே பரப்பிய நடை-ஓட்ட முறை இந்த இடைவெளியை நிரப்புவதற்கு உதவுகிறது. சில நிமிட ஓட்டத்துக்கு இடையில் ஒரு நிமிட நடை, களைப்பு வந்த பின் அல்ல, வருவதற்கு முன்பே. தேரி வேண்டும் என்பவர் அதை நடைக்கு ஒதுக்கி, ஓட்டத்தைத் தார்ச்சாலை ஓரத்து மண்தடத்தில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

தமிழகத்தில் இப்பொருள் பேசப்படும்போது தவறாமல் வரும் பெயர் மா. சுப்பிரமணியன். 2006 முதல் 2011 வரை சென்னை மேயராகவும், 2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகவும் பொறுப்பேற்ற அவர், நீரிழிவு உள்ளவர், சாலை விபத்தில் காலில் பலத்த அடிபட்டவர். ஐம்பது வயதுக்குப் பின் ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை நிறைவு செய்து, 'ஓடலாம் வாங்க' என்ற நூலையும் எழுதினார். அரசியல்வாதி ஒருவர் ஓடுவதால் ஊர் கேட்கும் "எதுக்கு?" என்ற கேள்வியின் கூர் சற்று மழுங்கியது என்பது அவருடைய ஓட்டத்தின் பக்கப்பயன், கட்சி வேறுபாட்டைக் கடந்து ஒப்புக்கொள்ளத் தக்கது. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளப்படுத்திய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்திலும் அந்தப் பழக்கத்தின் சாயல் தெரிகிறது.

வயதின் மறுகோடியில் நிற்பவர் பௌஜா சிங். ஜலந்தருக்கு அருகிலுள்ள பியாஸ் பிண்ட் என்ற சிற்றூரில் பிறந்து, 1994-இல் மகனை விபத்தில் இழந்த துயரத்துக்குப் பின் ஓட்டத்தின் பக்கம் திரும்பியவர். 2000-இல், கடவுச்சீட்டின்படி 89 வயதில், லண்டனில் தம் முதல் மாரத்தானை ஓடினார். 2011-இல் நூறாவது வயதில் டொரான்டோவில் 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் நிறுவனம் அதைச் சாதனையாகப் பதிவு செய்யவில்லை. பனையேறிகளின் வயதுக்கும் எந்த ஏட்டிலும் சான்று கிடையாது என்பதை எண்ணினால் அந்த மறுப்பின் சட்ட நியாயமும் அதன் வறட்சியும் ஒருங்கே புலப்படும்.

முழங்கால் தேய்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நெடுங்கால ஆய்வு பதில் வைத்திருக்கிறது. 1984-இல் ஐம்பது வயதைக் கடந்திருந்த ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் இருபது ஆண்டுகளாகத் தொடர்ந்த அந்த ஆய்வில், 19 ஆண்டுகளுக்குப் பின் ஓடாதவர்களில் 34 விழுக்காட்டினரும் ஓடியவர்களில் 15 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். முழங்கால் மூட்டுத் தேய்வும் ஓடியவர்களிடம் கூடுதலாகக் காணப்படவில்லை. தொடக்கத்திலேயே உடல்நலம் மிக்கவர்கள்தாம் ஓடும் குழுவில் சேர்ந்திருப்பர் என்ற ஐயத்தை இவ்வெண்கள் முழுதும் நீக்கிவிடா. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்குவதற்கு இவை அனுமதிச்சீட்டும் ஆகா. பெண்களைப் பொறுத்தவரை உடலைவிடத் தெருவே பெரிய தடை. ஒலிம்பிக்கிலேயே பெண்கள் மாரத்தான் 1984-இல்தான் இடம்பெற்றது. விடியலுக்கு முன் தனியே ஓடப் பாதுகாப்பான தெருவும் கேள்வி கேட்காத வீடும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு ஒருசேர வாய்ப்பது சிற்றூர்களில் இன்னும் அரிது.

கடலோரப் புழுக்கம் இங்கே ஓடுபவரின் மற்றோர் எதிரி. காற்றில் ஈரம் மிகும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால் உடல் குளிர்வதில்லை; வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் தேவை. உடன்குடியில் இதற்கு உள்ளூர் மருந்து சொல்லப்படுகிறது: பதநீரும் கருப்பட்டியும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் புளிக்காமல் இறங்கும் பதநீரை, விடிலி எனப்படும் ஓலைக்குடிலில் பாகு பதம் வரும்வரை காய்ச்சிச் சிரட்டைகளில் வார்த்தால், அடிப்புறத்தில் சிரட்டையின் வளைவைத் தாங்கிய கரும்பழுப்பு வட்டுகள் கிடைக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கருப்பட்டி, ஓட்டத்தின் நடுவே கடைகளில் விற்கும் இனிப்புக் கூழ்களின் வேலையைக் குறைந்த செலவில் செய்யும். எனினும் வியர்வையில் பெரிதும் இழக்கப்படுவது சோடியம். அதை இனிப்பு ஈடுசெய்யாது. உப்பில்லாத தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கமும் குழப்பமும் நேரலாம். உப்பிட்ட நீராகாரமோ மோரோ அந்த வகையில் பதநீரைவிட மேல் என்பது உடன்குடிக்காரர்கள் விரும்பிக் கேட்கும் முடிவு அன்று.

உடன்குடியிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு வரை சென்று மீளும் தூரம் கிட்டத்தட்ட ஓர் அரை மாரத்தான். முதற்பாதியில் பனையும் உடைமரமும், பிறகு உவர்க்காற்று, முடிவில் கருமேனியாற்றின் கழிமுகமும் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணற்குன்றும். அனல்மின் நிலையமும் 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளமும் கொண்டுவந்த கனரக லாரிகள் இச்சாலையின் இயல்பை மாற்றிவருகின்றன. பௌஜா சிங் 2025 ஜூலையில் தம் 114-ஆவது வயதில் சொந்த ஊருக்கருகே சாலையில் வாகனம் மோதியே இறந்தார் என்பதை மனத்தில் கொண்டால், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக ஓடுவதும், ஒளி எதிரொளிக்கும் மேலாடை அணிவதும் இங்கே ஓடுவோருக்கு இன்றியமையாதவை. தசரா நாட்களில் வேடமணிந்த பக்தர்கள் இதே சாலையில் குலசை முத்தாரம்மன் கோயிலுக்கு இரவெல்லாம் வருவதால் அந்தப் பத்து நாளும் ஓட்டத்துக்கு இடமிராது. அந்த விரதக்காரர்களின் நடை அடுத்த பகுதியில்.

(தொடரும்)