சத்தம் எங்க போச்சு?

ரொம்ப நாளாச்சு எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்ல அதைவிட அதிகம். ஆனா இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு. லேப்டாப்புல ஓ.எஸ். மாத்தி போட்டப்புறம் சத்தம் வராம முழிக்கறவங்களுக்கு உதவும். வீட்ல வயசான அப்பா அம்மா இருக்கறவங்களுக்கும் உதவும். ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? வாங்க சொல்றேன்.

நாங்க இருக்கறது டில்லி கிட்வாய் நகர். பழைய சர்க்கார் குவார்ட்டர்ஸை இடிச்சுட்டு அடுக்குமாடியா கட்டியிருக்காங்களே, அந்த கிழக்குப் பக்கம். ஏழாவது மாடி. பக்கத்துல ஐ.என்.ஏ. மார்க்கெட், அதனால முருங்கைக்காய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் பஞ்சமில்ல. பஞ்சம் எல்லாம் தமிழ் பேச்சுக்குத்தான்.

அம்மா 2024ல தவறினப்புறம் அப்பாவை லால்குடியில தனியா விட மனசில்லாம இங்க கூட்டிட்டு வந்துட்டோம். அப்பா மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். வயசு 77. ரெண்டு காதுலயும் மிஷின். ஹிந்தியில அவருக்குத் தெரிஞ்சது ரெண்டே வார்த்தை, அச்சா, நஹி. அதை வச்சே பால் பூத்துல சமாளிச்சுடுவார், அது வேற விஷயம் :-)

நானும் தங்கமணியும் காலைல ஆபீஸ் கிளம்பிடுவோம். பொண்ணு ஸ்கூலுக்கு. அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் அப்பாவுக்குத் துணை ஒரு பழைய லேப்டாப். இணையத்துல திருச்சி வானொலியைப் போட்டுக் குடுத்துட்டா போதும். அந்த நிலையம் 1939ல ஆரம்பிச்சது. அப்பாவைவிட மூத்தது. விவசாயச் செய்தி, நாதஸ்வரம், பழைய பாட்டுன்னு எது வந்தாலும் கேப்பார். செல்போன்ல கேளுங்கன்னா ஒத்துக்க மாட்டார். "அதுல எங்க அமுக்கினாலும் எதுவோ ஒண்ணு திறக்குது"ம்பார்.

அந்த லேப்டாப் 2015ல வாங்கினது. இன்டெல் அஞ்சாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு குறைஞ்சது எட்டாம் தலைமுறை வேணும். விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. சரி, லினக்ஸ் மின்ட் போட்டுடலாம்னு நவம்பர்ல ஒரு சனிக்கிழமை உக்காந்தேன். எழுத்து பொடிசா தெரிஞ்சதால ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை டிவியில சொருகி, டிவியையே திரையா வச்சுகிட்டு எல்லாத்தையும் முடிச்சேன். ஒரு பாட்டு போட்டுப் பாத்தேன். டிவியில கணீர்னு கேட்டுச்சு. அப்பாவோட ரேடியோ பக்கத்துக்கு ஒரு குறுக்குவழியும் வச்சுக் குடுத்து, கேபிளைக் கழட்டி அவர் ரூம்ல வச்சேன். ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சதுன்னு தங்கமணிகிட்ட பெருமை வேற.

ஞாயித்துக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திர் போயிட்டு வந்தோம். திங்கள், செவ்வாய், புதன். எல்லாம் வழக்கம் போல. அப்பா கொஞ்சம் கம்மியா பேசற மாதிரி இருந்துச்சு. குளிர்னால இருக்கும்னு நினைச்சேன். நவம்பர் புகைக்கு ஜன்னலையெல்லாம் இறுக்க மூடி வச்சா யாருக்குத்தான் பேசத் தோணும்?

வியாழக்கிழமை ராத்திரி குப்பைக் கூடையை எடுத்த தங்கமணி, அங்கயே நின்னுட்டா.

"என்னங்க, மாமா இந்த வாரம் எத்தனை பேட்டரி மாத்தியிருக்கார் பாருங்க."

காது மிஷினுக்குப் போடற 13 நம்பர் பேட்டரி. காத்துல இருக்கற ஆக்ஸிஜனை வச்சு வேலை செய்யற ரகம். அதுமேல ஒரு ஆரஞ்சு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பிரிச்சு, காத்து உள்ள போக ஒரு நிமிஷம் விட்டுட்டுத்தான் மிஷின்ல போடணும். ஒண்ணு போட்டா ஒரு வாரம், பத்து நாள் வரும். கூடைல ஆறு ஸ்டிக்கர் கிடந்துச்சு. நாலு நாள்ல ஒரு அட்டையே காலி.

அப்பா ரூமுக்குப் போனேன். லேப்டாப் மூடி இருந்துச்சு.

"என்னப்பா, மிஷின்ல ஏதாவது பிரச்சினையா?"

"மிஷின்ல ஒண்ணுமில்ல. காதுதான் போயிடுச்சு போலருக்குடா."

"இப்ப நான் பேசறது கேக்குதே?"

"நீங்கல்லாம் கத்திப் பேசறீங்க, அதனால கேக்குது. பொட்டி மெதுவாத்தானே பேசும்? அது இனிமே கேக்காது. நான்தான் பேட்டரியா இருக்குமோன்னு மாத்தி மாத்திப் பாத்தேன்."

"ஏம்பா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவே? லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு அலைவே. இந்த வயசுக்கு இது வர்றதுதானே."

அவரையும் தப்பு சொல்ல முடியாது. வயசாகறப்ப முதல்ல கேக்காம போறது மேல்ஸ்தாயி சத்தங்கள்தான். ச, ஸ மாதிரி எழுத்துக்களெல்லாம் தேயும். படிப்படியா குறையும்னு மிஷின் குடுத்தப்பவே அவர்கிட்ட சொல்லியிருந்தாங்க. குறையறது இப்படித்தான் இருக்கும் போலன்னு நினைச்சுகிட்டு, நாலு நாளா அந்தத் திரையைப் பாத்துகிட்டு உக்காந்திருந்திருக்கார். திரையில நேரம் ஓடுது, பட்டன்லாம் சரியா இருக்கு, எந்த எர்ரர் மெசேஜும் வரல. அப்ப கோளாறு தன்கிட்டதான்னு அவர் முடிவு பண்ணிட்டார்.

லேப்டாப்பைத் திறந்து ரேடியோவைப் போட்டேன். வால்யூம் முழுசா இருந்துச்சு. ஒரு முணுமுணுப்பு கூட இல்ல. ஸ்பீக்கர்கிட்ட காதைக் கொண்டு போனேன். ம்ஹூம்.

"அப்பா, எனக்கும் கேக்கல."

"எனக்காக சொல்லாதடா."

"நிஜமா கேக்கலப்பா."

நம்பல. பேத்தியைக் கூப்பிட்டார். அவ வந்து காதை வச்சுப் பாத்துட்டு, "தாத்தா, சுத்தமா ஒண்ணுமே கேக்கல!"ன்னா. தங்கமணியும் வந்து கேட்டுட்டு உதட்டைப் பிதுக்கினா. ஒரு வீடே காது கேக்கலன்னு சொன்னதுக்கு ஒரு மனுஷன் இவ்ளோ சந்தோஷப்பட்டு நான் பாத்ததில்ல. அப்பா நிமிந்து உக்காந்தார். "அப்ப லைன்ல ஃபால்ட்டு. டெஸ்டர் எங்க?"ன்னார் :-)

இந்த இடத்துல ஒரு கொசுவத்தி சுத்திக்கோங்க. 2006ல இதே மாதிரி ஒரு தடவை பட்டிருக்கேன். நேரு பிளேஸ்ல வாங்கின லேப்டாப்புல எக்ஸ்.பி.யை மறுபடி போட்டேன். சத்தம் இல்ல. டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் கேள்விக்குறி. காரணம் ரொம்ப சாதாரணம். எக்ஸ்.பி. வெளிவந்தது 2001ல. இன்டெல்லோட ஹை டெஃபினிஷன் ஆடியோங்கற முறை வந்தது 2004ல. மூணு வருஷம் கழிச்சுப் பொறக்கப் போற பிள்ளையோட பேர் பழைய சிடியில எப்படி இருக்கும்? தனியா ஒரு டிரைவர் தேடிப் போட வேண்டியிருந்துச்சு. அப்ப கத்துகிட்ட ஒண்ணு விண்டோஸ்ல இன்னிக்கும் உதவும். அந்தக் கேள்விக்குறி மேல ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடின்னு போனா 'வென்'னு ஒரு நம்பர் வரும். 8086ன்னா இன்டெல். 10இசின்னா ரியல்டெக், அதாங்க, நண்டு படம் போட்ட தைவான் கம்பெனி. அந்த நம்பரை வச்சுத் தேடினா எந்த டிரைவர் வேணும்னு தெரிஞ்சுடும். முடிஞ்சவரைக்கும் லேப்டாப் கம்பெனியோட தளத்துலேர்ந்தே எடுங்க. டிரைவர் தரேன்னு கண்ட இடத்துலயும் கூப்பிடுவாங்க, போகாதீங்க.

சரி, லால்குடி லைன்மேனுக்கு வருவோம். அப்பா கட்டில்ல உக்காந்துகிட்டே டைரக்‌ஷன் குடுத்தார். "கரண்ட் இல்லன்னு புகார் வந்தா, நேரா வீட்டுக்குள்ள போய் பல்பை மாத்தக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்கா, போஸ்ட்ல இருக்கா, மீட்டர்ல இருக்கா, ஃப்யூஸ்ல இருக்கான்னு வரிசையா வரணும். எது வரைக்கும் வருதோ அதுக்கு அடுத்ததுல ஃபால்ட்டு." இதே மனுஷன்தான் நாலு நாளா பல்பை மட்டும் மாத்திகிட்டு இருந்தார். சொல்லல, மனசுக்குள்ள நினைச்சுகிட்டேன்.

அவர் சொன்ன வரிசையிலயே போனேன். ரேடியோ ஓடுதா? ஓடுது. சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்தேன். அவுட்புட்ல ஹெச்.டி.எம்.ஐ.ன்னு நின்னுச்சு. முதல் குட்டு உடைஞ்சுது. அந்தத் தலைமுறை இன்டெல் பொட்டிகள்ல ஹெச்.டி.எம்.ஐ. சத்தத்துக்கு ஒரு கார்டு, சொந்த ஸ்பீக்கருக்கு ஒரு கார்டுன்னு ரெண்டு தனித்தனியா இருக்கும். நான் டிவியை சொருகி வச்சே எல்லாம் பண்ணதால, அதுவே நிலைச்சிருந்துச்சு. இல்லாத டிவிக்கு நாலு நாளா நாதஸ்வரம் போய்கிட்டு இருந்திருக்கு!

ஸ்பீக்கர்னு மாத்தினேன். வந்துடுச்சான்னா, வரல.

"அடுத்த போஸ்ட்டுக்குப் போ"ன்னார் அப்பா.

டெர்மினல்ல 'ஆல்ஸாமிக்ஸர்'னு தட்டினேன். லினக்ஸ்ல சத்தத்தைக் கவனிச்சுக்கற ஆல்ஸா 1998லேர்ந்து இருக்கு. அதுக்கு ஒரு பழைய வழக்கம். ஒரு கார்டை முதல் தடவை பாக்கறப்ப எல்லா வழியையும் மூடித்தான் வைக்கும். திடீர்னு யார் காதும் கிழியக் கூடாதில்லையா? அப்புறம் ஓ.எஸ். அதைத் திறந்து விடும். இங்க திறக்காம கிடந்துச்சு. சத்தம் டிவி வழியா வந்ததால எனக்கும் அன்னிக்குத் தெரியல. எஃப் 6 அமுக்கி 'ஹெச்டிஏ இன்டெல் பிசிஹெச்'ங்கற கார்டைத் தேர்ந்தெடுத்தேன். 'ஸ்பீக்கர்' கம்பத்துக்கு அடியில 'எம்எம்'னு இருந்துச்சு. ம்யூட்னு அர்த்தம். எம் கீயை ஒரு தட்டு. 'எம்எம்' ரெண்டு சைபரா மாறுச்சு.

வால்யூம் முழுசா இருக்கறதை எல்லாரும் மறந்துட்டோம். ராத்திரி பத்து மணிக்கு ஏழாவது மாடியே அதிர்ற மாதிரி ஒரு உர விளம்பரம்! தங்கமணி பாய்ஞ்சு வந்து குறைச்சா. அப்பா, "இரும்மா, இரு, கொஞ்சம் இருக்கட்டும்"னார். அந்த விளம்பரத்தை முழுசா கேட்டார். இத்தனைக்கும் நிலத்தை வித்து வருஷக் கணக்காச்சு.

அடுத்த சனிக்கிழமை காதையும் ஒரு தடவை பரிசோதிச்சுகிட்டோம். முன்னாடி இருந்த மாதிரியேதான் இருக்கு. தேயல.

எனக்குத்தான் உறுத்தல் போகல. டிவைஸ் மேனேஜர்லயாவது மஞ்சள் கேள்விக்குறி வரும். அப்பாவுக்கு அதுவும் வரல. நான் தினமும் வீட்டுக்கு வந்ததும் "சாப்டீங்களாப்பா?"ன்னு கேட்டேன், அவரும் "ஆச்சு"ன்னார். ரெண்டு பேருக்கும் அவுட்புட் சரியா இருக்கற மாதிரிதான் தெரிஞ்சுது. இப்ப கேள்வியை மாத்திட்டேன். "இன்னிக்கு ரேடியோல என்னப்பா போட்டான்?" இதுக்கு ஒத்தை வார்த்தையில பதில் சொல்ல முடியாது. ஒருநாள் அவர் சொல்லலன்னா, நான் லேப்டாப்பைத் திறந்து பாக்கணும்னு அர்த்தம்.

நம்ம கிட்வாய் நகருக்குப் பேர் குடுத்த ரஃபி அகமது கிட்வாய் சுதந்திர இந்தியாவோட முதல் தகவல் தொடர்பு அமைச்சர். அவர் பேர்ல இருக்கற ஊர்ல, ரெண்டு ரூமுக்கு நடுவுல நாலு நாளா லைன் கட்டு. என்னத்த சொல்ல.

பி.கு. 1: ஓ.எஸ். போட்டு முடிச்சதும் எல்லா கேபிளையும் கழட்டிட்டு, சொந்த ஸ்பீக்கர்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. யாருக்காகப் போட்டீங்களோ, அவங்களையும் பக்கத்துல உக்கார வச்சுக் கேக்கச் சொல்லுங்க.

பி.கு. 2: அப்பா கழட்டின பேட்டரிங்களுக்கெல்லாம் மறுபடி ஸ்டிக்கர் ஒட்டி வைக்கலாமான்னு கேட்டார். காத்து உள்ள போனப்புறம் ஒட்டிப் பெரிய பிரயோஜனமில்ல. சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்ல அதை எட்டாத இடத்துல வைங்க, முழுங்கினா ஆபத்து.