ஐயமே அரணாக

விரைவின் வரலாறு பெரிதும் ஓட்டியவர்களின் பெயர்களாலேயே எழுதப்பட்டுள்ளது. இருக்கையில் அமர்ந்து உயிரைப் பணயம் வைத்தவரை உலகம் போற்றுவது முறையே. ஆயினும், அவ்வுயிர் மீளும் என்பதற்குத் தம் அறிவையே பிணையாகத் தந்து ஒருவர் பின்னே நிற்கிறார். அவரை நாம் நினைப்பது அரிது. 2024 மே மாதத்தில் தம் 92ஆம் அகவையில் மறைந்த ஆங்கிலேயப் பொறியாளர் ரான் ஏயர்ஸ் அத்தகையோருள் ஒருவர். தரையில் ஓடி ஒலியின் வேகத்தை வென்று சாதனை நிறுவிய ஊர்தியின் வடிவை வகுத்தவர் அவர்.

பொறியியல் நமது துறையன்று. சொல்லையும் பொருளையும் ஆராய்வதே நம் தொழில். எனினும் ஏயர்ஸின் வாழ்வு நம்மை ஈர்த்தமைக்குத் தக்க காரணம் உண்டு. உரையாசிரியர் தம் கருத்தை நிறுவுமுன் தாமே அதற்குத் தடை எழுப்பி, விடை கண்ட பின்னரே மேற்செல்வார் என்று நாம் நாளும் பாடம் சொல்கிறோம். அதே நெறியை ஓர் இயந்திரத்தின் ஆக்கத்திலும் கண்டபோது நாம் வியப்புற்றோம்.

1932இல் பிறந்த ஏயர்ஸ், ஹாண்ட்லி பேஜ் நிறுவனத்தில் விக்டர் குண்டுவீச்சு விமானத்திற்காக உழைத்தார். பின்னர், பிளட்ஹவுண்ட் என்னும் ஏவுகணையின் காற்றியக்க ஆய்வுக்குப் பொறுப்பேற்றார். ஓய்வு பெற்றபின் புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் ஊதியமின்றித் தொண்டாற்றினார். பழங்காலச் சாதனை ஊர்திகளின் காற்றுச் சுரங்கச் சோதனைக் குறிப்புகள் அங்கே அவர் கண்ணில் பட்டன. ஏவுகணையை அறிந்த அறிவு தரையூர்தியின்பால் திரும்பியது அவ்வாறே.

1983இல் மணிக்கு 1,019 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் சாதனை நிறுவியவர் ரிச்சர்ட் நோபிள். ஒலியையே மிஞ்சும் ஊர்தி வேண்டும் என்னும் வேட்கையுடன் அவர் 1990களின் தொடக்கத்தில் ஏயர்ஸை நாடினார். ஏயர்ஸ் உடனே இசைந்துவிடவில்லை. இது பெருந்தீங்கில் முடியக்கூடும் என்றே ஐயுற்றார்.

அவ்வையம் அச்சத்தால் எழுந்ததன்று; அறிவால் எழுந்தது. விமானம் ஒலியை மிஞ்சும்போது தோன்றும் அதிர்ச்சி அலைகள் விரிந்து செல்ல வானம் இருக்கிறது. ஊர்திக்கோ அடியில் தரை இருக்கிறது. இரண்டிற்கும் இடையே அகப்பட்ட காற்று என்ன செய்யும்? முன்பகுதியைச் சற்றே உயர்த்திவிட்டால், பத்து டன் எடையுள்ள ஊர்தியும் காற்றில் எழுந்து கவிழும். மிகுதியாக அழுத்திவிட்டாலோ சக்கரங்கள் நிலத்தில் புதையும். காற்றுச் சுரங்கத்தாலும் இதற்கு விடை தருதல் இயலாது. அங்கே ஊர்தி நிற்க, காற்று ஓடும். தரையும் காற்றோடு சேர்ந்து ஒலியின் வேகத்தில் ஓடினாலன்றிச் சோதனை மெய்யாகாது.

எனவே இருவேறு வழிகளில் ஒரே வினாவைக் கேட்டுப் பார்க்க ஏயர்ஸ் முடிவு செய்தார். சுவான்சி பல்கலைக்கழக அறிஞர்கள் காற்றின் போக்கைக் கணிப்பொறியால் கணக்கிட்டனர். மற்றொருபுறம், ஊர்தியின் சிறு மாதிரி ஒன்றை ராக்கெட் சறுக்குவண்டியில் பூட்டி, ஒலியை மிஞ்சும் வேகத்தில் தண்டவாளத்தின்மீது செலுத்தி அளந்தனர். ஒன்றையொன்று சாராத அவ்விரு வழிகளின் விடைகளும் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தன. ஏயர்ஸின் ஐயம் அதன் பின்னரே அகன்றது.

அச்சோதனை நிகழ்ந்த இடம் வேல்ஸ் நாட்டுக் கடற்கரையான பெண்டைன் என்பது நம் நெஞ்சைத் தொடுகிறது. 1927 மார்ச் 3ஆம் நாள் அதே பெண்டைன் மணற்பரப்பில், தாம் திருத்தியமைத்த ஊர்தியைத் தாமே ஓட்டிய பொறியாளர் பாரி தாமஸ் உயிர் துறந்தார். அவருடைய ஊர்தியையும் அம்மணலிலேயே புதைத்தனர். ஓர் உயிரை வாங்கிய கரையில், எழுபது ஆண்டுகள் நிறையுமுன், மற்றோர் உயிரைக் காக்கும் கணக்கு சரிபார்க்கப்பட்டது.

இரண்டு ஜெட் எஞ்சின்கள் பூட்டிய திரஸ்ட் எஸ்எஸ்சி ஊர்தி ஜோர்டான் நாட்டின் அல் ஜஃபர் பாலையிலும், பின்னர் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பிளாக் ராக் பாலையிலும் ஓடிப் பழகியது. ஒவ்வோர் ஓட்டத்தின் அளவீடும் முன்கணிப்போடு ஒப்பிடப்பட்டது. வேகம் படிப்படியாகவே கூட்டப்பட்டது. ஒரு மணி நேரத்திற்குள் இருதிசையிலும் ஓடினாலே சாதனை செல்லும் என்பது விதி. 1997 அக்டோபர் 13ஆம் நாள் ஊர்தி ஒலியை மிஞ்சியும், ஒரு நிமிடத்திற்கும் குறைவான தாமதத்தால் சாதனை கைநழுவியது. 15ஆம் நாள் ஆண்டி கிரீன் மணிக்கு 1,227.985 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி அதனை நிறுவினார். சக் யீகர் வானில் ஒலியை வென்று ஐம்பது ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. கிரீன் ஊறின்றி இறங்கி வந்தார். ஏயர்ஸ் பெற்ற உண்மையான பரிசு அதுவே என்று நாம் கருதுகிறோம்.

பின்னரும் அவர் ஓயவில்லை. 2006இல் ஜேசிபி டீசல்மேக்ஸ் மணிக்கு 563 கிலோமீட்டர் வேகம் கண்டு டீசல் ஊர்திகளுள் சாதனை படைத்தது. அவருடைய பழைய ஏவுகணையின் பெயரையே தாங்கிய பிளட்ஹவுண்ட் ஊர்தி, 2019இல் தென்னாப்பிரிக்காவில் 1,010 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. 1,600 கிலோமீட்டர் என்னும் அதன் இலக்கு, பொருள் முட்டுப்பாட்டால் அவர் கண்மூடும்வரை கைகூடவில்லை.

துணிவையும் ஐயத்தையும் பகையாக எண்ணுவது நம்மிடையே உள்ள வழக்கம். ஐயுறுபவனைக் கோழை என்கிறோம். ஆராயாது பாய்பவனை வீரன் என்கிறோம். தெரிந்து செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்துத் தந்த வள்ளுவர் அவ்வாறு கருதவில்லை. இயலாது என்று தொடங்கி, ஏன் இயலாது என்று வினவி, இயலும் என்று மெய்ப்பித்த பின்னரே பிறனொருவனை அவ்விருக்கையில் அமரச் செய்தார் ஏயர்ஸ். பிறர் உயிரைத் தம் கணக்கில் சுமக்கும் எத்தொழிலுக்குச் செல்லும் மாணவரும் அவரிடம் கற்க வேண்டியது இதுவே: தன் விடையைத் தானே முதலில் ஐயுறுக, அதன் பின்னர் அஞ்சாது கையொப்பம் இடுக.